சிவப்பு எச்சரிக்கையை எப்படி வாசிப்பது, எப்போது தயாராவது

கேள்வி இதுதான்: "2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சொன்ன அளவுக்கு மழையே பெய்யவில்லை. ஆனால் 2021 டிசம்பர் 30 அன்று பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாமலே சில மணி நேரத்தில் நகரம் முடங்கிப்போனது. வானிலை ஆய்வு மையத்தை நம்பி ஒரு குடும்பம் எப்படித் தயாராவது?"

இரண்டு நிகழ்வுகளும் உண்மைதான். மறைக்கவோ பூசி மெழுகவோ தேவையில்லை. ஆனால் இவற்றை வைத்து "அவர்கள் சொல்வது எதுவும் நடக்காது" என்று முடிவு கட்டுவது ஆபத்தானது. அந்த அக்டோபருக்குப் பிறகு ஒன்றரை மாதத்துக்குள், நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழையைக் கொட்டியது. "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்" என்று அந்த வாரம் அலட்சியமாக இருந்த வீடுகளின் நிலையை நினைத்துப் பார்த்தாலே, ஒரு பொய்த்த எச்சரிக்கைக்கு நாம் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பது விளங்கும்.

முதலில் எச்சரிக்கை என்ன சொல்கிறது என்பதைச் சரியாக வாசிக்க வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, வாசகத்தை விட்டுவிடுகிறோம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நான்கு நிறங்களும் நாம் செய்ய வேண்டியதைக் குறிப்பவை. பச்சை என்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. மஞ்சள் என்றால் தொடர்ந்து கவனித்திருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். தயாராவதற்குரிய நிறம் ஆரஞ்சு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சிவப்பு வந்த பிறகு கடைக்கு ஓடுவது, தேர்வு மணி அடித்த பிறகு பேனா வாங்கப் போவதைப் போன்றது. நம் ஊரில் ஆரஞ்சு எச்சரிக்கையை ஏறக்குறைய யாருமே பொருட்படுத்துவதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

அடுத்து, மழையின் அளவைச் சொல்லும் சொற்கள். செய்தியில் வரும் கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்பவை ஒன்றைவிட ஒன்று பயமுறுத்துவதற்காகச் சேர்க்கப்பட்ட அடைமொழிகள் அல்ல. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, 204.5 மி.மீ., அதாவது சுமார் 20 செ.மீ., தொட்டுவிட்டால் அதி கனமழை. இருபது செ.மீ. என்பது கையளவு நீளம்தானே என்று தோன்றலாம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 20 செ.மீ. மழை பெய்தால் அந்த மனையில் மட்டும் விழும் நீர் சுமார் 44,600 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஏறத்தாழ நான்கு வந்து உங்கள் வாசலில் கொட்டியதற்குச் சமம். அதே நேரத்தில் தெருவில் உள்ள எல்லா மனைகளிலும் அவ்வளவு கொட்டுகிறது.

மேலும், அதி கனமழை என்ற சொல்லுக்கு அடித்தளம் உண்டு, கூரை கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதே சொல்தான், 95 செ.மீ. பெய்தாலும் அதே சொல்தான். 95 என்பதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான மழை அது. அந்த மாவட்டம் ஒரு முழு ஆண்டில் சராசரியாகப் பெறும் மழையைவிட அதிகம். திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ.; ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஒரு ரயில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. முன்னறிவிப்பு போதுமானதாக இருந்ததா என்று மாநில அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையே அப்போது வாதம் எழுந்தது. அந்த வாதத்தின் இரு பக்கமும் போவதைவிட, அதி கனமழை என்ற சொல் ஒருமுறை அறிக்கையில் வந்துவிட்டால் அதன் மேல் எல்லையை யாரும் நமக்கு உறுதியளிக்கவில்லை என்பதை மனத்தில் பதித்துக்கொள்வது நமக்குப் பயன்படும்.

இடத்தைக் குறிக்கும் சொற்களையும் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறோம். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவானவற்றில் என்று பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். "சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்ய வாய்ப்பு" என்ற வாக்கியத்தைத் தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டை "சென்னையில் அதி கனமழை" என்று சுருக்கிவிடுகிறது. உங்கள் தெருவில் நான்கு செ.மீ. பெய்து, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருபத்திரண்டு செ.மீ. பெய்தால் அந்த அறிக்கை பலித்துவிட்டது. ஆனால் உங்கள் கண்ணுக்குப் பொய்த்ததாகவே படும். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த அந்த மறக்க முடியாத 24 மணி நேரத்திலேயே தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.தான் பெய்தது. ஒரே பெருநகரம், இருபது செ.மீ. வேறுபாடு.

நேரக் கணக்கும் குழப்பக் கூடியது. வானிலைத் துறையின் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஆகவே 17ஆம் தேதிக்கான எச்சரிக்கை 18ஆம் தேதி விடிகாலையையும் உள்ளடக்கியது. மாலை வரை வெயிலடித்தது என்பதற்காக இரவில் எச்சரிக்கையைக் கைகழுவிவிட்டுத் தூங்கப் போவது தவறு.

இப்போது, ஏன் பொய்க்கிறது என்பதற்கு வருகிறேன். புயலின் பாதையைக் கணிப்பதும் ஒரு நகரத்தில் எவ்வளவு மழை பெய்யும் என்று கணிப்பதும் வெவ்வேறு வகைச் சிரமங்கள். பாதையைப் பொறுத்தவரை முன்னேற்றம் மிகப் பெரியது. 24 மணி நேரத்துக்கு முன் கணிக்கும் புயல் மையத்தின் இடத்தில் வரும் சராசரிப் பிழை இருபது ஆண்டுகளுக்கு முன் 100 கிலோமீட்டரை நன்றாகத் தாண்டியிருந்தது. அண்மை ஆண்டுகளில் அது நூறுக்குக் கீழே வந்துவிட்டது. கணினி மாதிரிகள், இன்சாட் செயற்கைக்கோள்கள், 2002இல் சென்னைத் துறைமுகத்தில் நிறுவியதில் தொடங்கிக் கடற்கரை நெடுக வந்த டாப்ளர் ரேடார்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் சென்னைக்கும் கல்பாக்கத்துக்கும் இடையே உள்ள தூரமே சுமார் 70 கிலோமீட்டர்தான். அந்த அளவுக்கு மையம் விலகினாலே, அதி கனமழை பெய்ய வேண்டிய ஊர் தூறலோடு தப்பிவிடும். 2024 அக்டோபரில் நடந்தது இதைப் போன்றதே. தாழ்வு மண்டலம் சென்னைக்குச் சற்று வடக்கே 17ஆம் தேதி அதிகாலையில் கரையைக் கடந்தது. மழை மேகங்கள் வடக்கே ஆந்திரப் பக்கம் ஒதுங்கின. அப்படி ஒதுங்காமல் இருந்திருந்தால் மேம்பாலத்தில் கார் நிறுத்தியவர்களை ஊரே புத்திசாலிகள் என்று பாராட்டியிருக்கும். என் கணக்கில் அவர்கள் அன்றும் புத்திசாலிகள்தான்.

2021 டிசம்பர் 30 வேறு வகை. சில பத்து கிலோமீட்டர் அகலமே உள்ள மேகத் தொகுதி ஒன்று கடலிலிருந்து வந்து கரையோரத்தில் தங்கி, சில மணி நேரத்தில் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் பொழிந்தது. இவ்வளவு சிறிய அமைப்பை மூன்று நாள் முன்னதாகப் பிடிப்பது இன்றும் எந்த நாட்டு வானிலைத் துறைக்கும் கடினம். இப்படிப்பட்ட நாளில் நம்மிடம் இருக்கும் கருவிகள் இரண்டு: "அடுத்த மூன்று மணி நேரத்தில்" என்று தொடங்கும் குறுகிய நேர அறிவிப்பும், வானிலைத் துறையின் இணையதளத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும் ரேடார் படமும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெளியே கிளம்புமுன் ரேடார் படத்தைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இதோடு சேர்த்து ஒரு தவறான பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நாம் பெயருக்காகக் காத்திருக்கிறோம். புயல் என்று அறிவித்து, அதற்கு ஒரு பெயர் வைத்த பிறகுதான் ஊர் பரபரப்படைகிறது. ஆனால் பெயர் வைப்பது முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டினால் அது புயல். அதற்குக் கீழே காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற பெயர்களோடு நின்றுவிடும். மழைக்கு அந்தக் கோடு தெரியாது. 2015இல் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயர் இல்லை. 2023இல் தாமிரபரணிக் கரையை மூழ்கடித்தது குமரிக்கடல் பகுதியில் நிலவிய வெறும் வளிமண்டலச் சுழற்சி. தமிழ்நாட்டின் அண்மைக்கால வெள்ளங்களில் மிக மோசமான இரண்டும் பெயரில்லாதவை. ஆகவே "இன்னும் புயலாகவில்லையாம்" என்ற செய்தியில் ஆறுதல் கொள்ள எதுவுமில்லை. காற்றழுத்தத் தாழ்வு ஒன்று மெதுவாக நகர்கிறது என்றோ ஒரே இடத்தில் நிலைகொண்டுள்ளது என்றோ அறிக்கை சொன்னால், வேகமாகக் கடந்துபோகும் புயலைவிட அதற்கு அதிகம் அஞ்சுங்கள்.

சரி, எப்போது என்ன செய்வது? என் விதி எளிது: செலவில்லாத, வீணாகாத வேலைகளை ஐயமிருக்கும்போதே செய்துவிட வேண்டும், செலவும் சிரமமும் உள்ள வேலைகளை உறுதி கூடக்கூடச் செய்ய வேண்டும். எச்சரிக்கை பொய்த்தாலும் முதல் வகை வேலைகளால் ஒரு நட்டமும் இல்லை. அக்டோபர் முதல் வாரத்திலேயே மொட்டை மாடியின் மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் இலைகளை எடுப்பது, ஓட்டை விழுந்த தகரக் கூரையை இறுக்குவது, வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளைகளை வெட்டுவது, நிலப் பத்திரம், ஆதார், குடும்ப அட்டை, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஈரம் புகாத உறையில் போட்டுப் பரண் மேல் ஏற்றுவது ஆகியவை இப்படிப்பட்டவை.

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிறது என்ற செய்தி வந்ததும், அதாவது நான்கைந்து நாள் முன்னதாக, மருந்துகளைப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் பத்து நாளுக்கு இருக்கின்றனவா, இன்சுலின் வைத்திருப்பவர் மின்சாரம் போனால் அதை எங்கே குளிர்ச்சியாக வைப்பார், டயாலிசிஸ் செய்துகொள்பவரின் அடுத்த முறை எந்தத் தேதியில் வருகிறது, பிரசவ நாள் நெருங்கியவர் யாராவது இருக்கிறார்களா? வெள்ளத்தின்போது வீட்டிலிருந்து படகில் தூக்கிச் செல்ல வேண்டிய நிலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்களை முதல் நாளே மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாற்றிவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்று மேல்தொட்டியை நிரப்பி வையுங்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது என்பதை மறந்துவிட்டு மழை நாளில் தண்ணீரில்லாமல் தவித்த வீடுகள் ஏராளம். குடிநீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். கைபேசிகளையும் பவர் பேங்க்கையும் மின்னேற்றம் செய்து, டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பச்சைக் குழந்தை உள்ள வீட்டில் பால் மாவு, சில நாள் செலவுக்கான ரொக்கம் ஆகியவற்றை ஒரே இடத்தில் வையுங்கள். ரொக்கத்தை வற்புறுத்துகிறேன், கைபேசி கோபுரங்கள் ஓய்ந்த பிறகு ஸ்கேன் செய்து பணம் செலுத்த முடியாது. தரைத் தளத்தில் இருப்பவர்கள் இன்வர்ட்டர் மின்கலத்தை உயரத்தில் வைக்க வேண்டும். தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடியை இறுக்கமாக மூட வேண்டும். சாக்கடையோடு கலந்த வெள்ளம் அதில் இறங்கினால் வெள்ளம் வடிந்த பிறகும் பல நாள் அந்தத் தண்ணீரைத் தொட முடியாது.

சிவப்பு வந்துவிட்டால் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவது. இரவில், மின்சாரமில்லாமல், முழங்கால் அளவு நீரில், முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கிளம்புவது பல மடங்கு ஆபத்தானது. வீட்டிலேயே தங்குபவர்கள் நீர் வாசற்படியைத் தாண்டும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பிளக் பாயிண்டுக்கு நீர் எட்டும் வரை காத்திருக்கக் கூடாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கியை மேல் தளத்தில் நிறுத்தி அணைத்துவிட வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், கைபேசியில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

காற்றுப் புயலானால் சில கூடுதல் செய்திகள். நம் கடற்கரையை நோக்கி மேற்காக வரும் புயலில், மையம் கரையைக் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசும். தெற்கே கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். ஆகவே கடல் நீர் ஊருக்குள் ஏறும் ஆபத்து பெரும்பாலும் வடக்கே உள்ள கிராமங்களுக்குத்தான். புயலின் கண் உங்கள் ஊரின் மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும்; 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது பலர் இதை நேரில் கண்டார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் புயல் ஓய்ந்தது என்று வெளியே வந்தால், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப வரும்; முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரங்கள் அப்போதுதான் சாயும்.

மீனவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கரையில் இருப்பவருக்குத்தான் தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி, தாழ்வு மண்டலமாக இருந்து ஒரு நாளுக்குள் புயலாக மாறியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தங்கல் தொழிலுக்காக ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்களுக்கு எட்டவே இல்லை. பலர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு, 2019இல், செயற்கைக்கோள் வழியாக நடுக்கடலில் எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்ற கருவியை ஐதராபாத்தில் உள்ள தேசியக் கடல்சார் தகவல் மையம் அறிமுகப்படுத்தியது. அது எல்லாப் படகுகளிலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்னறிவிப்பு எவ்வளவு சிறந்ததானாலும், கடைசி மனிதருக்கு எட்டி, அவர் போய்த் தங்குவதற்கு ஓர் இடமும் இருந்தால்தான் உயிர் பிழைக்கும் என்பதற்கு ஒடிசா சான்று. 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் மிகக் கடுமையான பைலின் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் முன்னறிவிப்பும் மேம்பட்டது, கடற்கரைக் கிராமங்களில் புயல் பாதுகாப்பு மையங்களும் எழுந்தன, யார் யாரை அழைத்துக்கொண்டு எங்கே போவது என்று ஊர்க்காரர்கள் ஒத்திகையும் பார்த்திருந்தார்கள்.

கடைசியாக, கேள்வி கேட்டவருக்கு ஒரு வேலை தருகிறேன். வானிலை மையம் மாவட்டத்துக்குத்தான் சொல்ல முடியும். அதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திக் கணக்குப் போட வேண்டியவர் நீங்கள். ஒரு நோட்டை எடுத்து, 2015, 2021, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் உங்கள் தெருவில் நீர் எது வரை வந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். எதிரே, உங்களுக்கு மிக அருகில் உள்ள மழைமானியில் அந்த நாள்களில் பதிவான மழையளவைக் குறியுங்கள். இனிப் பெய்யும் ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு வரி சேருங்கள். உங்கள் தெருமுனையில் எத்தனை செ.மீ.க்கு நீர் தேங்கத் தொடங்குகிறது, எத்தனைக்கு வாசற்படி ஏறுகிறது, அருகில் உள்ள ஏரி நிரம்பியிருந்தால் அந்த எண் எவ்வளவு குறைகிறது என்பது இரண்டு மூன்று பருவங்களில் தெரிந்துவிடும். பன்னிரண்டு செ.மீ.யிலேயே படியேறும் வீடு என்றால், மாவட்டத்துக்கு ஆரஞ்சு என்று அறிவிக்கும் நாள் உங்களுக்குச் சிவப்பு. அன்றே சாமான்களை மேலே ஏற்றத் தொடங்குங்கள்.